பலா மரத்தில் ஒரு கிடார்

சென்ற வருஷம் நவராத்திரிக்குப் பெங்களூரில் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு 16 வயது. கிடார் கற்றுக்கொள்கிறான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் கையால் செய்த கிடார் ஒன்று வாங்கித் தருவதாக அவன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பையன் மார்க் வாங்கிவிட்டான். கிடார் செய்பவரிடம் விசாரித்தால், பின்பலகைக்கு ஈட்டி மரம் என்றால் ஒரு விலை, மஹாகனி என்றால் ஒரு விலை என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதன் கடைசியில், "வாடிக்கையாளரே நன்றாக உலர்ந்த மரம் கொண்டுவந்தால் அதிலும் செய்து தரப்படும்; பலா போன்ற பழ மரங்களும் ஏற்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது.

அன்று சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பையன் கேட்டான். "தாத்தா, கொள்ளுப்பாட்டியோட வீணை பலா மரம்தானே? விரிசல் விட்டு சும்மாதானே கிடக்கு? அதுலேர்ந்து எனக்கு கிடார் பண்ணச் சொல்லலாமா?"

எனக்கு வந்த கோபத்தில் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? "அப்பா, அவன் தெரியாம கேட்டுட்டான்" என்று பெண் சமாதானம் செய்தாள். ஆனால் ராத்திரி படுத்த பிறகு யோசித்துப் பார்த்ததில், பையன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. 40 வருஷமாக அந்த வீணையைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தவன் நான்தானே?

அந்த வீணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946-இல் என் தாயாருக்குக் கல்யாணமானபோது பிறந்த வீட்டுச் சீராகத் தஞ்சாவூரிலிருந்து வந்தது. 1981-இல் அம்மா என்னோடு வசிக்க நாகபுரிக்கு வந்தபோது ரயிலில் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக அதைக் கொண்டுவந்தாள். அடுத்த மே மாதமே குடத்தின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் கண்டது. காவேரிக் கரையின் ஈரக் காற்றில் 35 வருஷம் பழகிய மரம் விதர்ப்பத்தின் உலர்ந்த அனலைத் தாங்கவில்லை. மரம் நாரின் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். குடமும் பலகையும் வெவ்வேறு திசையில் சுருங்கினால் எங்காவது ஒரு இடம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு புரிந்த விஷயம். அப்போது, "வெயில்ல வெச்சுட்டியோ?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் வீணையை எடுக்கவும் இல்லை.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு 37 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். எந்த விஷயமானாலும் விசாரித்துக் குறிப்பு எழுதாமல் 'முடியாது' என்று கோப்பில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே பேரனின் மனுவையும் முறைப்படி விசாரித்தேன். பழ மரத்தில் கிடார் செய்யலாமா? அதிலும் பலாவில் செய்யலாமா? விசாரிக்கப் போனதில் தெரிந்தவை நம் உறுப்பினர்களுக்கும் சுவாரஸ்யமாக இருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பழ மரத்தில் வாத்தியம் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆப்கானிஸ்தானத்து ருபாபையும் ஈரானியரின் தாரையும் முசுக்கொட்டை மரத்தைக் குடைந்து செய்கிறார்கள். ஆர்மீனியர்களின் துதுக் என்ற ஊதுகுழலுக்கு ஆப்ரிகாட் மரம்தான் வேண்டும். ஐரோப்பாவில் பேரி மரத்தில் புல்லாங்குழல் கடைந்தார்கள்; அதே மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கருங்காலி போலத் தோன்றச் செய்து பிடில், கிடார்களின் விரற்பலகைக்கும் வைத்தார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செய்யப்படும் சீகல் என்ற கிடார்களில் காட்டுச் செர்ரி மரம் சாதாரணம். இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான காரணம் தென்படுகிறது. பழ மரம் வீட்டுக் கொல்லையில் இருக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் வெட்டுவார்கள். தச்சனுக்கு அது காட்டுக்குப் போகாமலே கிடைக்கும்.

நம்மிடம் அந்த இடம் பலாவுக்கு. வீணை, தம்பூரா, மிருதங்கம், கஞ்சிரா என்று கச்சேரி மேடையில் பாதிக்கு மேல் பலா மரம்தான் உட்கார்ந்திருக்கிறது. கேரளத்தின் திமிலையும் பலாதான். பாடகர் தொண்டை ஒன்றையும், பிடிலையும், கடத்தையும் தள்ளிவிட்டால் மிச்சத்தில் பெரும்பகுதி பலா என்று சொல்லலாம்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்கப் போனபோது ஒரு ஆச்சரியம். பழந்தமிழ் யாழில் பலா இல்லை! சிலப்பதிகாரத்தின் பழைய உரையில் யாழ் செய்யும் மரங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பத்தருக்கு, அதாவது ஒலி முழங்கும் வயிற்றுப் பகுதிக்கு, குமிழும் தணக்கும் முருக்கும். கோட்டுக்கு, அதாவது தண்டுக்கு, கொன்றையும் கருங்காலியும். இலேசான மரத்தை வயிற்றுக்கும் கனத்த மரத்தைத் தண்டுக்கும் வைக்கவேண்டும் என்பது அதன் நியதி. நம்மவர்கள் அதை உரை எழுதும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் முக்கனிகளில் ஒன்றான பலாவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாம் 'அனாதி காலத்து வழக்கம்' என்று நினைப்பதில் பல, விசாரித்தால் அவ்வளவு அனாதியாக இருப்பதில்லை.

இன்று நாம் காணும் வீணையின் உருவம் 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூரில் நிலைபெற்றது. 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளும் அசையாமல் பதிக்கப்பட்ட வீணை உருவாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்கு முன்பு ராகத்துக்குத் தகுந்தபடி மெட்டுகளை நகர்த்திக்கொள்ளும் வீணைகளும் இருந்தன. ரகுநாதரின் மந்திரி கோவிந்த தீட்சிதர். அவருடைய குமாரர் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகையில் வீணையின் மெட்டுகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. 72 மேளகர்த்தா என்ற கணக்கு எழுந்த இடமும் அந்த நூல்தான். ஆனால் இந்தக் கல்வி மான்கள் ஸ்வர ஸ்தானத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு மரத்தைப் பற்றி எழுதவில்லை. மரம் ஆசாரியின் விஷயம். ஆசாரி ஏட்டில் எழுதவில்லை, பிள்ளைக்குக் கையால் காட்டிக்கொடுத்தான்.

பலாவை ஆசாரிகள் ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்குக் காரணம் தேடினால் நாலைந்து கிடைக்கின்றன. வீணைக் குடத்துக்கு ஒன்றேகால் அடி குறுக்களவுள்ள கட்டை வேண்டும். அவ்வளவு பருமனாக, ஊருக்குள்ளேயே கிடைக்கும் மரங்கள் குறைவு. பலாவின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. உளிக்கு இணங்கும், ஆனால் உதிராது. எடையும் நடுத்தரம்: ஒரு கன மீட்டர் ஈட்டி மரம் 800 கிலோவுக்கு மேல் இருக்கும், பலா ஏறக்குறைய 600 கிலோதான். வயிற்றுக்கு ஒரு மரம், தண்டுக்கு ஒரு மரம் என்று தேடாமல் இரண்டுக்கும் ஒரே மரம் போதும். ஒரே கட்டையில் குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஆந்திரத்தில் பொப்பிலி வீணையும் ஒரே கட்டையில் குடைவதற்குப் பேர்போனது, அதுவும் பலாதான்.

கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாதான் வீணைக்கு உத்தமம் என்று ஒரு பேச்சு உண்டு. விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இதை முதலில் ஒதுக்கித் தள்ளினேன். பிறகு தோன்றியது: கோயில் நந்தவனத்து மரத்தை யாரும் அவசரத்துக்கு வெட்டமாட்டார்கள். அது முழு வயது வாழும், வைரம் ஏறும். மணியோசைக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், கோயில் மரத்தைத் தேடிப் போன ஆசாரிக்கு நல்ல மரம் கிடைத்திருக்கும்.

இனிமேல்தான் பேரனின் கேள்விக்கு நேரான விடை. பலாவில் கிடார் செய்யலாமா என்று நாம் இங்கே யோசித்துக்கொண்டிருக்கிறோம். பிலிப்பைன்ஸ் தேசத்தில் அது வழக்கமான தொழில்!

அந்த நாட்டின் நடுவே செபு என்ற தீவும், அதை ஒட்டி மக்டான் என்ற சிறு தீவும் இருக்கின்றன. மெகல்லன் 1521 ஏப்ரல் 27 அன்று, லாபுலாபு என்ற தலைவனின் ஆட்களால் கொல்லப்பட்டது இந்த மக்டான் கரையில்தான். 1565-இல் லெகாஸ்பி தலைமையில் மறுபடி வந்த ஸ்பானியர்கள் செபுவில் குடியேறி, 1898 வரை அந்தத் தீவுகளை ஆண்டார்கள். பாதிரிமார்களோடும் சிப்பாய்களோடும் கிடாரும் வந்தது. அப்போதைய கிடார் இன்றுபோல் ஆறு தந்தி அல்ல. நாலு ஜோடித் தந்தி, பிறகு ஐந்து ஜோடி. ஆறு ஒற்றைத் தந்தி என்பது 1800-ஐ ஒட்டி வந்த ஏற்பாடு.

வாத்தியம் வந்துவிட்டது. அது உடைந்தால், அல்லது இன்னொன்று வேண்டுமென்றால்? ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் சைப்ரஸ் மரத்துக்கும் அந்தத் தீவில் எங்கே போவது? ஸ்பெயினின் சரக்கெல்லாம் மெக்சிகோ வழியாக, பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பாய்க்கப்பலில் வரவேண்டும். உள்ளூர்த் தச்சர்கள் பக்கத்தில் இருந்த மரத்தை எடுத்தார்கள். அது பலா. அந்த நாட்டில் அதற்குப் பெயர் 'லங்கா'. (ராவணனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலாய்க்காரர்கள் 'நங்கா' என்கிறார்கள்.) மக்டானில் அபுனோ என்ற பகுதி இன்றும் கிடார் செய்பவர்களின் பேட்டை. பின்பலகையும் பக்கப் பலகைகளும் பலாவில் செய்வார்கள்; உயர்ந்த ரகத்துக்கு மட்டும் முகப்புப் பலகையை வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் மரத்தில் போடுவார்கள்.

அவர்களுக்குப் பலா புதிதும் அல்ல. அந்த நாட்டின் தெற்கே மிண்டனாவ் தீவில் குட்டியாபி என்று ஒரு பழைய வாத்தியம் உண்டு. படகு போல நீண்டிருக்கும். இரண்டே தந்தி. ஒன்று சுருதி, மற்றது பாட்டு. அதை வழக்கமாகப் பலா மரத்தில் குடைகிறார்கள். அதன் மெட்டுகளைத் தேன்மெழுகில் பதிக்கிறார்கள். இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பலா மரம், மெழுகில் பதித்த மெட்டு, சுருதிக்குத் தனித் தந்தி. நம் வீணையும் அதுதானே? 24 வெண்கல மெட்டுகள், கறுப்பு மெழுகு, நாலு சாரணித் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும்.

இது போதாதென்று பெயரிலும் ஒரு விசேஷம். குட்டியாபி, இந்தோனேசியாவின் கசாபி ஆகிய சொற்கள் சம்ஸ்கிருதத்தின் 'கச்சபி'யிலிருந்து வந்தவை என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கச்சபி என்பது சரஸ்வதி தேவியின் வீணைக்குப் பெயர் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறது. மரத்தையும் மெழுகையும் அவர்கள் நம்மிடம் கற்றார்கள் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பலாவும் தேனீயும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஒரே யோசனை இரண்டு பேருக்கும் தனித்தனியே வந்திருக்கலாம். தஞ்சாவூர் வீணைக்கு 400 வயதுதான் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆனால் பேரனுடைய பலா கிடார் ஒன்றும் விநோத ஆசை அல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயமாயிற்று.

இங்கே நம் பிடிலை நினைத்துப் பார்க்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் வடிவேலுவும் வெள்ளைக்காரர்களின் பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். உட்காரும் விதத்தை மாற்றினோம், சுருதி கூட்டும் முறையை மாற்றினோம், கமகத்துக்காக விரல் பிடிப்பையே மாற்றினோம். மரத்தை மட்டும் மாற்றவில்லை. மேபிளும் ஸ்ப்ரூஸும் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. பிலிப்பைன்ஸ்காரர்கள் நேர் எதிர்: வாசிப்பை அப்படியே வைத்துக்கொண்டு மரத்தை மாற்றினார்கள்.

சரி, பலாவில் செய்தால் நாதம் எப்படி இருக்கும்? பேரனின் அடுத்த கேள்வி இது. "ரோஸ்வுட்தான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாளே தாத்தா" என்றான்.

இந்த ரோஸ்வுட் மோகத்துக்கு ஒரு கதை உண்டு. முதலில் எல்லோரும் கொண்டாடியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டை. பிரேசில் மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிற்று. இந்திய ரோஸ்வுட் என்பது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்போம். அமெரிக்கப் பாடகர்களின் மடியில் இருந்தது நம் வயநாட்டு, நீலகிரி, குடகு மரங்களின் இனம். 1992-இல் பிரேசில் மரத்தின் சர்வதேச வியாபாரம் அநேகமாகத் தடை செய்யப்பட்டது. 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. கிடாரோடு விமானம் ஏறவே வித்வான்கள் பயந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்தார்கள். மரத்துக்கான கட்டுப்பாடு நீடித்தது. இதற்குப் பிறகுதான் கிடார் செய்பவர்கள் பலர் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கும் மரங்களைத் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்கள்.

பின்பலகை மரம் அவ்வளவு முக்கியமா என்பதை ஸ்பெயின் தேசத்துத் தச்சர் ஒருவர் 160 வருஷத்துக்கு முன்பே சோதித்துவிட்டார். அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்பவர் இன்றைய கிடாரின் அளவையும் உருவத்தையும் நிலைநிறுத்தியவர். கிடாரின் நாதம் முகப்புப் பலகையில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க 1862-இல் ஒரு கிடார் செய்தார். முகப்பு ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டை! அந்த அட்டைக் கிடார் பார்சிலோனா சங்கீத மியூசியத்தில் இருக்கிறது. அதை வாசிக்கக் கேட்டவர்கள், நாதம் நன்றாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் வீணையிலும் யாளி முகத்துக்குக் கீழே இருக்கும் சுரைக்காய்க்குப் பதிலாகக் காகிதக் கூழில் செய்து மாட்டுவது உண்டு. யாரும் குறை சொல்வதில்லை.

2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதையே விஞ்ஞான முறைப்படி செய்து பார்த்தார்கள். ஒரே தச்சர் ஆறு கிடார் செய்தார். எல்லாம் ஒரே மாதிரி, முதுகும் பக்கமும் மட்டும் ஆறு வேறு மரங்கள். பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு, மலிவான மரமும் உண்டு. 52 பேர் வாசித்தார்கள். மரம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அறையை இருட்டாக்கி, வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை அவர்களுக்கு மாட்டிவிட்டார்கள். முடிவு: எது உசத்தி என்பதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. கண்ணைக் கட்டியதும் ஈட்டியும் மலிவு மரமும் ஒன்றாகிவிட்டன. (காபியில் இப்படி ஒரு சோதனை வைத்தால் நம் வீடுகளில் என்ன ஆகும் என்று யோசித்தேன்.)

வீணையில் நாதத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்பதற்கு நம்மவரே விடை சொல்லியிருக்கிறார். சர் சி.வி. ராமன் 1907 முதல் பத்து வருஷம் நிதித்துறையில் சர்க்கார் அதிகாரியாக இருந்தவர் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஆபீஸ் போகும் முன்பும் வந்த பின்பும் கல்கத்தாவில் பரிசோதனைச் சாலைக்குப் போய் தந்தி வாத்தியங்களை ஆராய்ந்தார். 1921-இல் வீணை, தம்பூரா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளி அசையாமல் இருக்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. வீணையிலும் தம்பூராவிலும் அந்த மேற்சுரங்களும் ஒலிக்கின்றன என்று காட்டினார். காரணம் குதிரை. பிடிலின் குதிரை கத்தி முனை போல இருக்கும். வீணையின் குதிரை மேல் வளைந்த உலோகத் தகடு; தந்தி அதில் உராய்ந்து, படிந்து படிந்து எழுகிறது. அந்த வளைவை அரம் வைத்துத் தேய்த்துச் சரிசெய்வது ஆசாரியின் காதும் கையும். மரம் அந்த ஒலியை ஏந்துகிறது. நல்ல மரம் நன்றாக ஏந்தும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம். தோரெஸ் தன் கிடார்களுக்குள் பெயர், ஊர், வருஷம் போட்டுச் சீட்டு ஒட்டினார். அதனால்தான் 1862 என்று நாம் பேச முடிகிறது. மேல்நாட்டில் பிடில் என்றால் முதலில் கேட்பது யார் செய்தது என்பதைத்தான். வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். அவர் மடியில் இருந்த வீணையைச் செய்தவர் யார்? நம்மில் யாராவது ஒருநாள் கேட்டிருக்கிறோமா? 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் காப்பாற்றப்பட்டது. அதில் சந்தோஷம்தான். உளி பிடித்தவரின் பெயர் இன்னும் வெளியில்தான் நிற்கிறது.

மரமும் முன்போல் இல்லை. பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்தை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புரட்டிப் போட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவையும் புதுக்கோட்டையையும் அடித்தது. ஒரு தென்னையை எட்டு வருஷத்தில் வளர்த்துவிடலாம். வீணைக்கு ஆகும் பருமனில் ஒரு பலா வர முப்பது நாற்பது வருஷம் வேண்டும்.

கஜாவில் விழுந்த மரங்களில் ஒன்று மன்னார்குடிப் பக்கம் என் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் நின்றது. சின்ன வயசில் அதன் சுளையைத் தின்று கையெல்லாம் பிசினாகி, எண்ணெய் தடவிக்கொண்டு நின்ற ஞாபகம் இருக்கிறது. சித்தப்பா பிள்ளை அந்த மரத்தை விற்க மனசில்லாமல் பலகையாக அறுத்து மச்சில் போட்டு வைத்திருந்தான். போன் செய்து கேட்டேன். "அண்ணா, எடுத்துண்டு போங்கோ, மச்சு காலியாகட்டும்" என்றான். ஆறு வருஷத்துக்கு மேல் நிழலில் உலர்ந்த பலகை! கிடார் செய்பவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறு கேள்வியே கேட்கவில்லையாம்.

அம்மாவின் வீணையிலிருந்து கிடார் செய்ய முடியாது என்பதும் அவரிடம் பேசியபோது தெளிவாயிற்று. கிடாரின் முதுகுக்கு ஒரு முழத்துக்கு மேல் நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள தட்டையான இரண்டு பலகைகள் வேண்டும். இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து நடுவில் சேர்ப்பார்கள். பக்கப் பலகையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைப்பார்கள். வீணைக் குடமோ உருண்டையாகக் குடைந்தது. அதில் தட்டையாக ஒரு சாண்கூடத் தேறாது. பேரனின் மனு இந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் தள்ளுபடி. மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது என்று குறிப்பு எழுதி முடித்தேன்.

கிடார் வந்துவிட்டது. முகப்பு ஸ்ப்ரூஸ், முதுகு மன்னார்குடிப் பலா. நல்ல மஞ்சள். "என்ன தாத்தா, மஞ்சத்தூள் பூசினாப்பல இருக்கு" என்று முதல் நாள் பையன் முகத்தைச் சுளித்தான். பலாவின் வைரத்தில் மோரின் என்ற மஞ்சள் சாயம் இருக்கிறது, பர்மாவிலும் சிலோனிலும் பௌத்த பிக்ஷுக்களின் துவராடைக்கு அதில்தான் சாயம் ஏற்றினார்கள், வெளிச்சம் பட்டால் சில வருஷத்தில் தேன் நிறமாகிப் பிறகு பழுப்பாகும் என்று விளக்கினேன். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வாசிக்கிறானாம்.

வீணையை நானே தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் தலைமுறையாகத் தொழில் செய்யும் ஒரு ஆசாரி, விரிசலைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் பெரிய வியாதி இல்லீங்க ஐயா, அப்பவே கொண்டாந்திருக்கலாமே" என்றார். நான் என்ன பதில் சொல்வது? குடத்தின் பலகையைப் பிரித்தார். உள்ளே செய்தவர் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்து இரண்டு பேரும் பார்த்தோம். உளித் தடங்கள்தான் வரிவரியாக இருந்தன. விரிசலுக்குப் பலாச் சிம்பு வைத்து அடைத்து, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதிதாக மேளம் கட்ட மூன்று வாரம் ஆகும் என்றார்.

பலகையை மறுபடி மூடுவதற்கு முன் என் வேண்டுகோள் ஒன்று. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்து, "உள்ளே உங்க பேரும் தேதியும் எழுதிட்டு அப்புறம் மூடுங்கோ" என்றேன். "உள்ளே எழுதினா யாருங்க பார்க்கப் போறா?" என்று சிரித்தார். "அடுத்த தடவை பிரிக்கிறவா பார்ப்பா" என்றேன். சிறிது நேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, தன் பெயரை எழுதி, அதற்கு மேலே தன் அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் எழுதினார்.